வேட்டை அனுமதியில் யாருக்கு எத்தனை பங்கு?
நிலச் சொந்தக்காரரும் பொதுஜனங்களும்: ஒரு பாடம்

அமெரிக்காவின் மேற்குப் பாகத்திலுள்ள யூட்டா ராஜ்யத்தின் வடபகுதியில், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மலைகளெல்லாம் பனியால் மூடப்பட்டுவிடும். கோடைகாலத்தில் மலைமேல் மேய்ந்திருந்த எல்க் என்னும் பெரிய மான்கள் அப்பொழுது இரை தேடிக் கூட்டங்கூட்டமாய்ப் பள்ளத்தாக்குகளுக்கு இறங்கி வருகின்றன. எல்க் என்பது நம் நாட்டுக் கடமானுக்கு உறவான மிருகம். ஆனால் அதனினும் பெரியது. நன்கு வளர்ந்த ஆண் மிருகம் 300 கிலோவுக்கு மேல் நிறையுள்ளது. ஒரு மாடு தின்னும் தீனியில் பாதிக்கு அதிகமாகவே ஓர் எல்க் தின்றுவிடும். பள்ளத்தாக்கிலுள்ள கால்நடைப் பண்ணைக்காரர், தம் மாடுகளின் குளிர்கால ஆகாரத்திற்கென்று கோடையில் அறுத்து உலர்த்திப் போர் போட்டு வைத்திருக்கும் புல்லை, இவை வேலி தாண்டி வந்து இரவோடிரவாய்த் தின்று, மிகுந்ததை மிதித்தும் பாழாக்கிவிடுகின்றன.

பண்ணைக்காரர் துப்பாக்கியை எடுத்து அம்மிருகத்தைச் சுட்டு நஷ்டத்தை ஈடுசெய்துகொள்ளலாமா என்றால், கூடாது. நிலம் அவருடையது, புல் அவருடையது, வேலியும் அவருடையதே. மிருகம் மட்டும் அவருடையதன்று. அது அந்த ராஜ்யத்துப் பிரஜைகள் எல்லாருக்கும் பொதுவான சொத்து என்பது அங்குள்ள சட்டம். பட்டணத்தில் ஒரு சிறு வீட்டில் குடியிருந்து, ஒரு காணி நிலமும் இல்லாமல் கூலிவேலை செய்பவனுக்கும் அந்த எல்க்கில் பாத்தியம் உண்டு.

ஆனால் அந்தக் கூலிக்காரனின் பாத்தியமும் வேலி வரையில்தான் செல்லும். அவனிடம் சர்க்கார் கொடுத்த வேட்டை லைசென்ஸ் இருந்தாலும், சொந்தக்காரரின் சம்மதமின்றி வேலிக்குள் கால் வைத்தால் அத்துமீறிய குற்றமாகும். மிருகம் பொது, நிலம் தனி. ஒருவருடைய உரிமை மற்றவருடைய சம்மதமில்லாமல் பயன்படாது. இவ்விரண்டையும் இணைக்க அந்நாட்டார் செய்திருக்கும் ஏற்பாடுகளே இப்பாடத்தின் பொருளாகும்.

இந்தியாவில் 1972ஆம் வருஷத்து வனஜீவி பாதுகாப்புச் சட்டத்தின் பின் வேட்டை தடுக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் இப்பாடம் எவரையும் வேட்டைக்குத் தூண்டுவதன்று. பலருக்கும் பாத்தியமான ஒரு சம்பத்து சிலருடைய நிலத்தில் இருக்கும்பொழுது அதன் பலனைப் பங்கிடுவது எப்படி என்னும் கேள்வி, ஏரி மீன் பாசியிலும், பொதுக் கிணற்று நீரிலும், புறம்போக்கு மரத்திலும் கிராமத்தார் தினந்தோறும் சந்திப்பதே. அதற்கு ஒரு தூரதேசத்தில் எழுதப்பட்ட விடையைக் கணக்கோடு ஆராய்வது ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்குப் பயன்படும்.

மிருகம் பொதுச் சொத்தானது எப்படி?

இங்கிலாந்தில் பழங்காலத்தில் அரசனுடைய காட்டிலுள்ள மானைக் குடியானவன் கொன்றால் கடுந்தண்டனை விதிக்கப்பட்டது. அரசனும் பிரபுக்களுமே வேட்டைக்கு உரியவர்கள். அத்தேசத்திலிருந்து சென்று அமெரிக்காவில் குடியேறியவர்கள் இந்த ஏற்பாட்டை வெறுத்தார்கள். அரசாட்சியை நீக்கிய பிறகு, அரசனுக்கிருந்த உரிமை யாரைச் சேரும் என்னும் கேள்வி எழுந்தது. அது ஜனங்களைச் சேரும். ராஜ்ய சர்க்கார் அவர்களுக்காக தர்மகர்த்தாவைப் போல அதைப் பரிபாலித்து வரவேண்டும் என்னும் கொள்கை கோர்ட்டுகளில் படிப்படியாக உருவாயிற்று. 1896ஆம் வருஷத்தில் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு இதை விளக்கமாகக் கூறிற்று. ராஜ்யங்களுக்கிடையே நடைபெறும் வியாபாரம் பற்றிய அளவில் அத்தீர்ப்பு 1979இல் மாற்றப்பட்டதாயினும், வனமிருகங்கள் ஜனங்களுக்காகப் பரிபாலிக்கப்படவேண்டியவை என்னும் கொள்கை அந்தந்த ராஜ்யச் சட்டங்களில் நிலைத்துவிட்டது.

எல்லாருக்கும் பொது என்று சொல்லிவிட்டால் மாத்திரம் ஒரு பொருள் காப்பாற்றப்படும் என்று எண்ணலாகாது. சென்ற நூற்றாண்டுக்கு முந்தினதில் இறைச்சிக்கும் தோலுக்கும் அளவில்லாமல் சுட்டுத் தள்ளியதன் பயனாக, பல லட்சக்கணக்கில் இருந்த எல்க் மிருகங்கள் 1900ஆம் வருஷ வாக்கில் அந்நாடு முழுவதிலும் ஒரு லட்சத்துக்கும் குறைந்துவிட்டன. யூட்டாவில் அவை அநேகமாக அற்றே போனமையால், 1912 முதல் 1925 வரையில் எல்லோஸ்டோன் பகுதியிலிருந்து பிடித்துக் கொண்டுவந்து விடவேண்டியதாயிற்று. வேட்டைக்காலம் இன்னது, இன்ன பகுதியில் இத்தனை மிருகங்களே சுடத்தக்கவை என்று வரையறுத்து, அத்தனைக்கே அனுமதிச் சீட்டுக் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்ட பிறகே தொகை பெருகிற்று. லைசென்ஸ் கட்டணமும், துப்பாக்கி, தோட்டா முதலியவற்றின் மேல் 1937ஆம் வருஷச் சட்டப்படி வசூலாகும் வரியும் இவ்வேலைக்குச் செலவிடப்படுகின்றன. இப்பொழுது அமெரிக்காவில் ஏறக்குறையப் பத்து லட்சம் எல்க்குகள் உள்ளன.

தொகை பெருகியது, அதனோடு வழக்கும் பெருகியது. சீட்டுகள் குறைவு, கேட்பவர் மிகுதி. ஆகவே பல பகுதிகளில் குலுக்கிப் போட்டே சீட்டு வழங்கப்படுகிறது. நல்ல பகுதியில் ஆண் எல்க் சீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டுப் பத்து வருஷத்துக்கு மேலும் காத்திருப்பவர் உண்டு. அத்தனை காலம் காத்திருந்து சீட்டுப் பெற்றவன் மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தால், மிருகம் பண்ணைக்காரரின் வேலிக்குள் நிற்கிறது. வேலிக்கதவில் பூட்டுத் தொங்குகிறது.

பண்ணைக்காரர் பூட்டியதற்கும் காரணம் உண்டு. வேட்டைக்கு வருவோரில் சிலர் வேலிக்கதவைத் திறந்தபடியே விட்டுப் போய்விடுவார்கள். மாடுகள் வெளியேறிச் சிதறிவிடும். ஈரமான பாதையில் மோட்டாரை ஓட்டிப் பள்ளமாக்குவார்கள். வருஷம் முழுவதும் மிருகங்களுக்குத் தீனி கொடுப்பவன் தான், வேட்டைக்காலத்தில் வந்து கொண்டுபோகிறவன் வேறொருவன் என்னும் மனத்தாங்கலும் அவருக்கு உண்டு. சிலர் பூட்டுவதோடு நில்லாமல், பணம் கொடுப்பவர்களை மட்டும் உள்ளே விடலானார்கள். உடனே பொதுஜனங்கள், ‘எங்கள் மிருகத்தை நீர் விற்கிறீர்’ என்றார்கள். ‘நான் விற்பது மிருகத்தையன்று, வழியைத்தான்’ என்றார் பண்ணைக்காரர். இரு கட்சியிலும் நியாயம் இருந்தமையால்தான் இது தீராத வழக்காயிற்று.

யூட்டாவின் ஏற்பாடு

யூட்டா ராஜ்யத்தார் 1990ஆம் வருஷத்தை அடுத்த சில ஆண்டுகளில் இதற்கு ஒரு சட்டம் செய்தார்கள். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ‘ஐக்கிய வனமிருக பரிபாலன வட்டம்’ எனலாம். ஐக்கியம் என்னும் சொல் இங்கே வெறும் அலங்காரமன்று. எல்க் கூட்டம் ஒருவருடைய வேலிக்குள் அடங்கி வாழ்வதன்று; காலையில் ஒருவர் நிலத்தில் மேய்ந்து, மாலையில் மற்றொருவர் ஓடையில் நீர் குடிக்கும். நானூறு ஏக்கர் உடையவர் தாம் எவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றினாலும், அடுத்தவர் தம் எல்லையில் சுட்டுவிட்டால் எல்லாம் வீணே. ஆகையால் தனித்தனிச் சொந்தக்காரர்கள் தங்கள் நிலங்களைத் தொடர்ச்சியாய் ஒன்றுசேர்த்துக் கொண்டுவந்தால்தான் விண்ணப்பம் ஏற்கப்படும். சிறிய மான், பிராங்ஹார்ன் முதலியவற்றிற்கு 5,000 ஏக்கரும், எல்க், மூஸ் என்னும் பெரிய மிருகங்களுக்கு 10,000 ஏக்கரும் குறைந்தபட்ச அளவாக விதிக்கப்பட்டது. பெரும்பண்ணை உடையவர் சிலர் தனியாகவே இவ்வளவை எட்டிவிடுவர். மற்றவர்கள் சேர்ந்துதான் ஆகவேண்டும். இன்று நூற்றுக்கு மேற்பட்ட இத்தகைய வட்டங்களில் இருபது லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் சேர்ந்திருக்கிறது.

சேர்ந்தவர்கள் ஒருவரை நிர்வாகியாக நியமித்து, எல்லைப் படமும் பரிபாலனத் திட்டமும் தயாரித்து வனமிருக இலாகாவுக்கு அனுப்புகிறார்கள். எத்தனை மிருகங்கள் சுடத்தக்கவை என்பதை இலாகாவோடு கலந்து நிச்சயிக்க வேண்டும். அதை மஞ்சூர் செய்வது வனமிருக போர்டு. சொந்தக்காரர் தாமாகத் தொகையைக் கூட்டிக்கொள்ள முடியாது.

இனிப் பங்கு விஷயம். மஞ்சூரான சீட்டுகளில் ஒரு பகுதி சொந்தக்காரர்களைச் சேரும். அவர்கள் அதற்குரிய உறுதிச் சீட்டைத் தாங்கள் விரும்பியவருக்குக் கொடுக்கலாம், விற்கலாம். வாங்கியவர் அதை இலாகாவில் காட்டி, அதற்குரிய கட்டணத்தையும் செலுத்தி அனுமதி பெறவேண்டும். ஆண் எல்க்குக்குரிய ஓர் உறுதிச் சீட்டு சில ஆயிரம் டாலர் முதல் பதினாயிரம் டாலருக்கு மேலும் விலை போகிறது. மற்றொரு பகுதி பொதுஜனங்களைச் சேரும். இதை இலாகா குலுக்கல் மூலம் கொடுக்கிறது. யூட்டாவில் குடியிருப்பவர்களே இக்குலுக்கலில் சேரலாம். சீட்டு விழுந்தவர் லைசென்ஸ் கட்டணம் தவிர, நிலத்தில் நுழைவதற்காகச் சொந்தக்காரருக்கு ஒரு காசும் கொடுக்கவேண்டியதில்லை.

விகிதம் எப்படி? பலராலும் அறியப்பட்ட முறையில், கொம்புள்ள ஆண் மிருகங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு சொந்தக்காரருக்கு, பத்து பொதுஜனங்களுக்கு. பெண் மிருகங்களிலோ நூறும் பொதுஜனங்களுக்கே. இதுவன்றி வேறு விகிதங்களும் உண்டு. ஆண் மிருகத்தில் பொதுஜனங்களின் பங்கை உயர்த்த உயர்த்த, பெண் மிருகத்தில் சொந்தக்காரருக்கும் பங்கு ஏறும். கடைசிப் படியில், ஆணில் நாலில் ஒரு பங்கு பொதுஜனங்களுக்குச் சென்றால் பெண்ணில் பாதி சொந்தக்காரருக்கு வரும். மூஸ், பிராங்ஹார்ன் இரண்டிற்கும் அறுபதுக்கு நாற்பது என்று தனி விகிதம் இருக்கிறது.

இதை ஒரு கணக்கால் பார்க்கவேண்டும். தொகைகள் பாடத்திற்காகக் கொள்ளப்பட்டவை. ஒரு வட்டத்திற்கு ஆண் எல்க் 20, பெண் எல்க் 40, ஆக 60 சீட்டுகள் மஞ்சூராயின என்க. முதல் முறைப்படி சொந்தக்காரருக்கு ஆண் 18. பொதுஜனங்களுக்கு ஆண் 2, பெண் 40, ஆக 42. அறுபதில் நாற்பத்திரண்டு பொதுஜனங்களுக்கு என்று சொன்னால் கேட்பவர் ‘நல்ல தர்மம்’ என்பார். ஆனால் வீட்டுச் சுவரில் கொம்பை மாட்டவேண்டும் என்று பணக்காரர் விலை கொடுப்பது ஆண் மிருகத்துக்கே. பெண் மிருகம் குடும்பத்துக்கு ஒரு குளிர்காலத்து இறைச்சியாகும். சந்தையில் அதற்கு அந்த விலை இல்லை. கடைசி முறைப்படி, சொந்தக்காரருக்கு ஆண் 15, பெண் 20, ஆக 35. பொதுஜனங்களுக்கு ஆண் 5, பெண் 20, ஆக 25. பொதுஜனங்களின் எண்ணிக்கை 42 இலிருந்து 25 ஆகக் குறைந்தது. ஆனால் மதிப்புள்ள சீட்டு 2 இலிருந்து 5 ஆக உயர்ந்தது. எந்த முறை பொதுஜனங்களுக்கு நல்லது? இறைச்சிக்காகப் போகிறவனைக் கேட்டால் முதல் முறை என்பான். பத்து வருஷம் ஆண் மிருகத்துக்காகக் காத்திருப்பவனைக் கேட்டால் கடைசி முறை என்பான். பங்கைப் பற்றிப் பேசும் எந்தச் சபையிலும், எண்ணிக்கையில் பங்கா, மதிப்பில் பங்கா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளாதவர்கள் ஏமாந்துபோவார்கள். யூட்டாவில் எந்த விகிதம் என்பதைத் தேர்ந்து விண்ணப்பிக்கும் வாய்ப்பு முதலில் சொந்தக்காரர் கையில் இருக்கிறது. இது அந்த ஏற்பாட்டில் பலவீனமான இடம் என்றே சொல்லவேண்டும்.

பெண் மிருகங்களைச் சுடுவதற்கு இவ்வளவு இடம் கொடுப்பானேன் என்று சிலர் நினைக்கலாம். மந்தை பெருகுவதும் குறைவதும் பெண் மிருகத்தின் தொகையைப் பொறுத்தது. பனிக்காலத்தில் புற்போரைத் தின்னும் கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் பெண் மிருகங்களையே குறைக்கவேண்டும். அவ்வேலைக்குப் பணக்கார வேட்டையாளர் வரமாட்டார். இறைச்சி தேவையான உள்ளூர்க் குடும்பத்தான் வருவான். ஆகவே பொதுஜனங்களை உள்ளே விடுவது பண்ணைக்காரருக்குத் தர்மம் மட்டுமன்று, உபகாரமும் ஆகிறது.

சீட்டுக் கொடுத்துவிட்டு வேறு வழியில் தடுத்துவிட முடியாதபடி சட்டத்தில் சில காப்புகள் உள்ளன. ஆண் மிருகச் சீட்டுள்ள பொதுஜனத்துக்கு ஐந்து நாளாவது, பெண் மிருகச் சீட்டுள்ளவருக்கு இரண்டு நாளாவது வேட்டைக்கு இடங்கொடுக்க வேண்டும். வட்டத்தின் விதிகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். குறைகள் வந்தால் விசாரிப்பதற்கென்று ஆலோசனைக் கமிட்டி ஒன்றும் இருக்கிறது. வட்டத்தின் எல்லைக்குள் சர்க்கார் நிலம் அகப்பட்டுக்கொண்டால், அதைச் சேர்த்துக்கொள்வதற்குத் தக்க காரணம் காட்டுவதோடு, அதற்கு ஈடாகப் பொதுஜனங்களின் சீட்டையும் அதிகப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் பொது நிலத்தைத் தனி நிலத்தோடு சேர்த்துப் பூட்டிவிடுவது மிகவும் சுலபம். புறம்போக்கு எப்படிப் பட்டாவுக்குள் மறைகிறது என்பது எந்த நாட்டுக் கிராமத்தாருக்கும் சொல்லித் தரவேண்டிய விஷயமன்று.

அண்டை ராஜ்யங்கள்

மற்ற மேற்கு ராஜ்யங்களில் வேறு வேறு வழிகள். மொண்டானாவில் சீட்டையே கொடாமல், பொதுஜனங்களை இலவசமாக உள்ளே விடும் பண்ணைக்காரருக்குச் சர்க்கார் பணம் கொடுக்கும் ஏற்பாடு 1985 முதல் நடந்து வருகிறது. அங்கே 2001ஆம் வருஷச் சட்டம் ஒன்று, நிலத்தில் பொதுஜனங்கள் சிலரை இலவசமாக வேட்டையாடவிடும் சொந்தக்காரருக்கு எல்க் அனுமதி கிடைக்கும்படியும் வழி செய்தது. அதே ராஜ்யத்தில் வேட்டை வழிகாட்டிகளின் வாடிக்கைக்காரர்களுக்கென்று வெளி ராஜ்யத்தார் லைசென்ஸ்களில் ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருந்தது. பணமுள்ளவனுக்குப் பின்வாசலா என்று கேட்ட ஜனங்கள், 2010 நவம்பரில் வாக்களித்து அந்த ஒதுக்கீட்டை ஒழித்துவிட்டார்கள்.

நியூ மெக்ஸிகோவின் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. அங்குள்ள சொந்தக்காரர் தமக்கு வரும் எல்க் அனுமதியை இரண்டில் ஒரு வகையாகக் கொள்ளலாம். தம் நிலத்தில் மாத்திரம் செல்லும் வகையானால், பொதுஜனங்களை உள்ளே விடவேண்டியதில்லை. அனுமதியை வாங்குபவரும் வெளியே போக முடியாது. அந்தப் பகுதி முழுவதிலும், சர்க்கார் நிலத்தில்கூடச் செல்லும் வகை வேண்டுமானால், தம் நிலத்தையும் பொதுஜன வேட்டையாளருக்குத் திறந்துவிட வேண்டும். கதவைத் திறந்தவனுக்கு மற்றவர் கதவும் திறக்கும் என்னும் இந்த ஏற்பாட்டில் யாரும் யாருக்கும் பிச்சையிடவில்லை.

சொந்தக்காரர்களுக்குள் பங்கு

இதுவரையில் சொல்லியது நிலமுடையவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலுள்ள பங்கு. நிலமுடையவர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வது எப்படி? யூட்டாவின் சட்டம் இதைப் பெரும்பாலும் அவர்களுடைய சொந்த உடன்படிக்கைக்கே விட்டுவிட்டது. இங்கேதான் சிறு நிலக்காரர் விழித்துக்கொள்ள வேண்டும்.

முன் சொன்ன வட்டத்தில் மூன்று பேர் சேர்ந்திருப்பதாகக் கொள்வோம். ஒருவருக்கு 6,000 ஏக்கர், மற்றவருக்கு 3,000, மூன்றாமவருக்கு 1,000. அவர்கள் பங்கு 18 ஆண் சீட்டுகள். பரப்பளவுப்படி பிரித்தால் பத்தே முக்காலுக்குச் சற்று அதிகம், ஐந்தரைக்குச் சற்றுக் குறைவு, இரண்டுக்குச் சற்றுக் குறைவு என்று வரும். மானை அரைக்கால் மாகாணியாகப் பிரிக்க முடியாதாகையால், பெரியவர் ‘எனக்குப் பதினொன்று, உமக்கு ஆறு, சின்னவருக்கு ஒன்று’ என்று முடித்துவிடுவார். அவரவர் தனித்தனியே விற்றுக்கொண்டால், நல்ல வாடிக்கைக்காரரை அறிந்தவர் அதிக விலையும், அறியாதவர் குறைந்த விலையும் பெறுவார்கள். எல்லாச் சீட்டுகளையும் பொதுவில் விற்றுப் பணத்தைப் பங்கிடுவதே சரியான வழி. தலைக்கு 5,000 டாலர் என்றால் மொத்தம் 90,000. பரப்பளவுப்படி 54,000, 27,000, 9,000 ஆகும்.

இப்படியும் நியாயம் முடிந்துவிடவில்லை. பனிக்காலத்தில் கூட்டம் வந்து நிற்பது அந்த 1,000 ஏக்கர்க்காரரின் பள்ளத்தாக்கிலே என்றால், தீனி போட்டவர் அவர். பணம் பெற்றவர் பெரியவர். ஆகையால் முதலில் மொத்த வரவிலிருந்து செலவையும் நஷ்டத்தையும் கழிக்கவேண்டும். எல்லைப் பலகை, காவல் முதலியவற்றிற்கு 7,000, புற்போர் நஷ்டத்திற்கு 8,000 என்று 15,000 கழித்தால் மிகுதி 75,000. இதைப் பரப்பளவுப்படி பிரித்தால் 45,000, 22,500, 7,500. சின்னவர் நஷ்ட ஈட்டையும் சேர்த்து 15,500 பெறுவார். முன் கணக்கில் 9,000 பெற்று, புல் நஷ்டம் 8,000 போக அவர் கையில் நின்றது 1,000 தான் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். இரு கணக்கும் ‘பரப்பளவுப்படி’ செய்ததே. எதை முன் கழிப்பது என்னும் ஒரு வரியே வித்தியாசம். அந்த வரி உடன்படிக்கையில் கையெழுத்தாகும் நாளில் இருக்கவேண்டும். பனி பெய்த பிறகு சேர்க்க முயன்றால் பெரியவர் இணங்கமாட்டார்.

இந்த உட்பங்கு விஷயத்தைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கும் தேசம் ஜெர்மனி. அங்கே கொள்கை வேறு. வேட்டையுரிமை நிலத்தோடு சேர்ந்தது; நிலமில்லாதவனுக்குக் குலுக்கலில் சீட்டு விழும் பேச்சில்லை. 1848ஆம் வருஷத்துப் புரட்சிக்கு முன் பிரபுக்கள் குடியானவனுடைய வயலிலும் வேட்டையாடி வந்தார்கள். பயிர் அழிந்தாலும் அவன் வாய் திறக்க முடியாது. அப்புரட்சியில் அந்த உரிமை ஒழிந்தது. ஒவ்வொருவரும் தம் சிறு வயலில் தாமே சுடத் தொடங்கினார்கள், மிருகங்கள் அழியலாயின. ஆகையால் 1850இல் பிரஷ்யாவில் சிறு நிலங்களைச் சேர்த்து ஒரே வேட்டை வட்டமாக்கும் சட்டம் பிறந்தது. இப்பொழுது அமலில் உள்ளது 1952ஆம் வருஷத்துச் சட்டம். தொடர்ச்சியாய் 75 ஹெக்டேர், அதாவது சுமார் 185 ஏக்கர், உடையவர் தனி வட்டம் வைத்துக்கொள்ளலாம். அதற்குக் குறைந்தவர்கள் எல்லாரும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், கிராமத்து வேட்டைச் சங்கத்தின் அங்கத்தினர்களாவர். சங்கத்தின் வட்டம் பொதுவாக 150 ஹெக்டேருக்குக் குறையலாகாது. சங்கம் அவ்வட்டத்தைக் குத்தகைக்கு விடுகிறது. தேசச் சட்டத்தில் சொல்லிய குத்தகைக் காலம் ஒன்பது வருஷத்துக்குக் குறையாதது.

அச்சங்கத்தின் தீர்மானங்களுக்கு இரட்டைப் பெரும்பான்மை வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர்களின் தலை எண்ணிக்கையில் பெரும்பான்மை ஒன்று. அவர்களுடைய நிலப்பரப்பில் பெரும்பான்மை மற்றொன்று. ஐக்கிய நாணய சங்கங்களில் ஆளுக்கு ஒரு வாக்கு என்பதே விதி. கம்பெனிகளிலோ பங்குக்கு ஒரு வாக்கு. ஜெர்மானியர் இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். நிலம் அதிகமுள்ள இருவர் சேர்ந்து சிறியவர் இருபது பேரை மிதிக்க முடியாது. சிறியவர் இருபது பேர் கூடி அவ்விருவர் நிலத்தை அவர்கள் சம்மதமின்றிக் குத்தகைக்கு விடவும் முடியாது.

காட்டுப்பன்றி, மான் முதலியவற்றால் பயிருக்கு உண்டாகும் நஷ்டத்துக்கு உத்தரவாதி சங்கமே. வழக்கமாகக் குத்தகைப் பத்திரத்தில் அப்பொறுப்பைக் குத்தகைதாரர் தலையில் ஏற்றிவிடுவார்கள். ஆனால் நஷ்டம் அடைந்தவர் அதை அறிந்த ஒரு வாரத்துக்குள் அதிகாரியிடம் எழுதி வைக்கவேண்டும். தவறினால் பாத்தியம் போயிற்று. பயிரைப் பன்றி தின்றதற்காக வருந்திக்கொண்டே நாளைக் கடத்தியவருக்கு அங்கேயும் ஒன்றும் கிடையாது.

கட்டாயமாக அங்கத்தினராவது பற்றி ஒரு பெரிய வழக்கும் நடந்தது. வேட்டையே பாபம் என்று கருதிய ஒரு சிறு நிலச் சொந்தக்காரர், தம் நிலத்தில் பிறர் வேட்டையாடுவதைத் தாம் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டுவரை சென்றார். 2012 ஜூன் மாதத்தில் அக்கோர்ட்டு, மனச்சாட்சிக்கு விரோதமாக ஒருவரைக் கட்டாயப்படுத்துவது சொத்துரிமைக்குப் பங்கமென்று தீர்ப்பளித்தது. அதன் பின் 2013இல் சட்டம் திருத்தப்பட்டு, மனச்சாட்சிக் காரணம் காட்டுகிறவர் தம் நிலத்தை விலக்கிக்கொள்ள விண்ணப்பிக்கலாம் என்று ஏற்பட்டது. ஆனால் விலக்கிக்கொண்டவர் தம் பயிரைக் காட்டு மிருகம் தின்றால் சங்கத்திடம் நஷ்ட ஈடு கேட்க முடியாது.

யூட்டாவில் நிலமில்லாதவனுடைய பங்கு சட்டத்தில் இருக்கிறது, சிறு நிலக்காரனுடைய பங்கு உடன்படிக்கையைப் பொறுத்தது. ஜெர்மனியில் சிறு நிலக்காரனுடைய பங்கு சட்டத்தில் இருக்கிறது, நிலமில்லாதவனுக்குப் பங்கே இல்லை. ஜெர்மன் கிராமங்களில் குத்தகைப் பணத்தை வீடு வீடாகப் பிரிக்காமல், வயற்பாதைகளைச் செப்பனிடுவது போன்ற பொதுக் காரியங்களுக்குச் செலவிடத் தீர்மானிப்பது உண்டு. ஒரு ஹெக்டேருக்குச் சில நாணயம் கையில் வாங்குவதைவிட வண்டி போக ஒரு பாதை நல்லது என்பது பலருடைய எண்ணம். அப்படித் தீர்மானிக்கச் சங்கத்துக்கு அதிகாரம் உண்டு. எனினும் தீர்மானத்துக்குச் சம்மதியாத அங்கத்தினர், அது அறிவிக்கப்பட்ட ஒரு மாதத்துக்குள் தம் பங்கைக் கேட்டால், அவருடைய நிலம் எவ்வளவு சிறியதாயினும், பரப்பளவுக்கு உரிய பணத்தை எண்ணிக் கொடுத்துவிட வேண்டும். எழுத்து மூலமாகக் கேட்கலாம். வாய்மொழியாகச் சொன்னாலும் அதைக் குறிப்பில் பதிந்துகொள்ள வேண்டும்.